அத்தியாயம் 6: வெளிநாட்டு ஏர்லைன்ஸ் வேலை – கையெழுத்துக்கு முன் வீட்டில் பேச வேண்டியவை

மதுரைக் குடும்பங்கள் இதைப் பேச உட்காரும்போது, "மதுரையா, துபாயா?" என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்குகிறது. அந்த முதல் கேள்வியிலேயே கணக்கு பிசகிவிடுகிறது. இந்தியாவின் பெரிய ஏர்லைன்ஸ்களுக்கு விமானிகள் பேஸ் இருப்பது டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், சென்னை போன்ற ஊர்களில். மதுரை அந்தப் பட்டியலில் இல்லை. எனவே திருநகரிலோ கே.கே.நகரிலோ சொந்த வீடு வைத்திருக்கும் விமானி இன்றைக்கே வெளியூர்க்காரர்தான். குடும்பத்தோடு குருகிராமில் வாடகை வீட்டில் இருப்பார். இல்லையென்றால் மனைவி பிள்ளைகளை மதுரையில் விட்டுவிட்டு, பெங்களூரில் சக விமானிகளோடு ஃபிளாட்டில் தங்கிக்கொண்டு, ஓய்வு நாள் கிடைக்கும்போது ஊருக்கு ஓடி வருவார். ஒப்பிட வேண்டியது இந்த வாழ்க்கையையும் அங்கே அமையப்போகும் வாழ்க்கையையும்.

சோழவந்தான் பக்கத்துத் தாய் ஒருவர் மகனிடம் கேட்டது இது: "ஏய்யா, டெல்லிலருந்து நீ வர்றதுக்கும் துபாய்லருந்து வர்றதுக்கும் எம்புட்டு நேரம் கூடும்?" சம்பளத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. இந்த அத்தியாயத்துக்கு அதைவிடச் சரியான தொடக்கம் கிடையாது. பறக்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் டெல்லி மூன்று மணி, துபாய் நான்கு மணி. வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். ஆனால் ஊருக்கு வருவது பறக்கும் நேரத்தை மட்டும் பொறுத்ததா?

வீட்டில் மூன்று விஷயங்கள் முடிவாக வேண்டும்: யார் யார் போவது, எத்தனை வருடம், எந்த வழியாகத் திரும்புவது. மூன்றாவதை முடிவு செய்யாமல் கிளம்பிய குடும்பங்கள்தான் பின்னால் அதிகம் திண்டாடுகின்றன. ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க அதை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஊருக்கு வரும் வழி

மதுரையிலிருந்து வெளிநாட்டு விமான சேவை 2012இல் கொழும்புக்குத் தொடங்கியது. பிறகு துபாய்க்கு ஸ்பைஸ்ஜெட் பறந்தது. 2025இல் இண்டிகோ அபுதாபிக்குத் தொடங்கியது. ஆனால் எமிரேட்ஸோ, எதிஹாடோ, கத்தார் ஏர்வேஸோ மதுரைக்கு வருவதில்லை. அமீரகத்தோடும் கத்தாரோடும் இந்தியா செய்துகொண்ட விமான சேவை ஒப்பந்தங்களில், அந்த நாட்டு நிறுவனங்கள் இறங்கக்கூடிய ஊர்களில் மதுரை சேர்க்கப்படவில்லை. தொழில் வர்த்தக சங்கங்களும் எம்.பி.க்களும் பல வருடங்களாக இதைக் கேட்டு வருகிறார்கள்.

இது உங்கள் குடும்பத்தை நேரடியாகத் தொடும் விஷயம். ஆஃபரில் "ஊழியருக்கும் குடும்பத்துக்கும் சலுகை டிக்கெட்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள். அந்த டிக்கெட் உங்களை இறக்கிவிடும் இடம் சென்னை, திருவனந்தபுரம் அல்லது கொச்சி. சென்னையிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர்; வந்தே பாரத்தில் வந்தாலும் ஐந்தரை, ஆறு மணி நேரம். திருவனந்தபுரம் என்றால் திருநெல்வேலி வழியாக ஐந்தாறு மணி நேரச் சாலைப் பயணம். தூங்கும் பிள்ளைகளோடும் நான்கு பெட்டிகளோடும் அந்த இரண்டாம் பாதியைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், நான்கு மணி நேரப் பயணம் எப்படி ஒரு முழு நாளாகிறது என்பது.

சலுகை டிக்கெட்டில் பெரும்பாலானவை ஸ்டேண்ட்பை. சீட் காலியாக இருந்தால் ஏற்றுவார்கள், இல்லையென்றால் அடுத்த விமானம். தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறை நாட்களில் சீட் காலியாக இருக்காது. வீட்டில் ஒரு துக்கம் என்று போன் வந்தால் ஸ்டேண்ட்பையை நம்பிப் புறப்படக் கூடாது. முழுக் கட்டண டிக்கெட்டில் அன்று இரவே கிளம்ப வேண்டியிருக்கும். குடும்பத்தில் அத்தனை பேரும் அப்படி ஒரு முறை வந்து போகும் செலவை, தொடாத பணமாக முதல் வருடத்திலேயே ஒதுக்கி வையுங்கள். கொள்ளி வைக்க வேண்டிய மகன் என்றால், அவசர விடுப்பு எத்தனை நாள், அது ஓடும் பயிற்சிக்கு நடுவிலும் கிடைக்குமா என்பதை ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவதில் கூச்சமே வேண்டாம்.

விடுமுறைக் காலமும் மாறும். அமீரகத்தில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் திறக்கின்றன. மதுரையில் சித்திரைத் திருவிழா நடக்கும்போது அங்கே புது வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும். பெரிய விடுமுறை ஜூலையிலும் ஆகஸ்டிலும் வருகிறது. அதில் பாதி நமக்கு ஆடி மாதம். கல்யாணம், கிரகப்பிரவேசம், காதுகுத்து எதுவும் நடக்காது. ஆவணி பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு, பள்ளி திறக்கும்வரை ஒரு வாரம், பத்து நாள்தான் மிச்சம். குடும்பத்தில் நல்ல காரியத்துக்கு நாள் குறிப்பவர்களிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள். விமானியின் விடுப்பும் பல நிறுவனங்களில் சீனியாரிட்டிப்படிதான் கிடைக்கும். புதிதாகச் சேர்ந்தவருக்கு மற்றவர்கள் எடுத்தது போக மிஞ்சும் தேதிகளே வரும். முதல் இரண்டு வருடம் தங்கை கல்யாணத்துக்குக்கூடத் தாலி கட்டும் நேரத்துக்கு வந்துவிட்டு மறுநாளே கிளம்பும் நிலை வரலாம். உறவுக்காரர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் மனதில் வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

இடது சீட்டை விட்டுக்கொடுப்பதா?

இந்த அத்தியாயத்தில் மிகவும் நிதானமாக யோசிக்க வேண்டிய பகுதி இதுதான். இந்தியாவில் ஏர்பஸ் 320இல் கேப்டனாக இருப்பவருக்கு, வளைகுடாவில் பெரிய விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர் வேலை வருகிறது. சம்பளம் இன்று கைக்கு வருவதைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் சீனியாரிட்டி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மறுபடி கமாண்ட், அதாவது கேப்டனின் இடது சீட், கிடைக்க எத்தனை வருடம் என்பதை எந்த நிறுவனமும் ஒப்பந்தத்தில் எழுதித் தராது. ஆட்சேர்ப்புக் கூட்டத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லும் எண்ணை வைத்து வீட்டுக் கடனைக் கணக்குப் போடாதீர்கள். அதே நிறுவனத்தில் கடந்த இரண்டு வருடத்தில் கமாண்ட் வாங்கியவர்கள் எந்த வருடம் சேர்ந்தவர்கள் என்று அங்கே இருக்கும் நண்பர்கள் மூலம் விசாரியுங்கள். அந்தத் தகவல்தான் உண்மையான எண்.

இங்கே நிலைமை எப்படி? 2023 ஜூனில் இண்டிகோ ஒரே ஆர்டரில் 500 விமானங்கள் கேட்டது. அதே வருடம் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. 2024 ஜனவரியில் ஆகாசா 150 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. இண்டிகோ 2024இல் 30 ஏர்பஸ் 350களையும் சேர்த்தது. அதாவது, பெரிய விமானம் ஓட்ட வெளிநாடுதான் போக வேண்டும் என்ற நிலை தளர்ந்து வருகிறது. விமானம் வந்து சேர வருடக்கணக்கில் ஆகும் என்றாலும், அவற்றுக்கு கேப்டன்கள் வேண்டும். 1,500 மணி நேரம் முடித்து ஏ.டி.பி.எல். கையில் வைத்திருக்கும் இளம் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு, இங்கேயே பொறுத்திருந்து கமாண்ட் வாங்கிக்கொண்டு, சில ஆயிரம் மணி நேரம் கேப்டனாகப் பறந்த பிறகு வெளியே போவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. கேப்டனாகப் போகிறவருக்கு நேரடியாகக் கேப்டன் பதவி கேட்கும் தகுதி இருக்கிறது. ஃபர்ஸ்ட் ஆபீசராகப் போய் ஐந்து வருடத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசராகவே திரும்புகிறவர், தன்னோடு சேர்ந்தவர்கள் இங்கே இடது சீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஐம்பதை நெருங்கும் கேப்டனின் கணக்கு வேறு. 65 வயது வரம்புக்குள் பதினைந்து வருடம் இருக்கிறது, பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், கடன் முடிந்துவிட்டது. அவருக்கு வெளிநாட்டு வேலை சேமிப்பைப் பெருக்கும் காலம். அவர் மனைவிக்கு அது எப்படிப்பட்ட காலம் என்பதை அவரிடமே கேட்க வேண்டும்.

ரோஸ்டரையும் விசாரியுங்கள். உள்நாட்டு 320 விமானி அதிகாலையில் எழுந்து ஒரே நாளில் நான்கு செக்டர் பறப்பார். பல இரவுகள் வீட்டிலேயே தூங்குவார். நெடுந்தூர விமானி ஒரு முறை கிளம்பினால் மூன்று, நான்கு நாள் கழித்துத்தான் திரும்புவார். திரும்பிய முதல் நாள் அவர் உடம்பு வேறொரு நாட்டு நேரத்தில் இருக்கும். புது ஊரில், காரோட்ட உரிமம்கூட இல்லாமல், இரண்டு பிள்ளைகளோடு மனைவி அந்த நான்கு நாளைத் தனியாகக் கழிக்க வேண்டும். சேர்ந்த முதல் சில மாதங்கள் வகுப்பு, சிமுலேட்டர், செக் என்று அவர் கண்ணிலேயே படமாட்டார். அந்த மாதங்களைத் தனியாக முடித்து, வீடு பார்த்து, விசா எடுத்த பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்வது எல்லோருக்கும் நிம்மதி. இந்தியாவிலும் ஓய்வு விதிகள் மாறியிருக்கின்றன: 2025இலிருந்து வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்தது. பழைய ரோஸ்டரின் களைப்பை மட்டும் நினைத்து வெளியே ஓட முடிவு செய்யாதீர்கள்.

சம்பளத் தாளை எப்படிப் படிப்பது

ஆஃபரின் கடைசிப் பக்கங்களில் ஒரு அட்டவணை இருக்கும். சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்து, கணவனும் மனைவியும் ஒரு பேனாவோடு உட்காருங்கள். அடிப்படைச் சம்பளம் தனியாக, வீட்டுப்படி தனியாக, பறக்கும் மணிக்குக் கிடைப்பது தனியாக, லேஓவர் சாப்பாட்டுப்படி தனியாக இருக்கும். அடிப்படைச் சம்பளத்தை வட்டமிடுங்கள். அமீரகச் சட்டப்படி வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை அதை வைத்துத்தான் கணக்காகும்: முதல் ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள். அடிப்படை 30,000 திர்ஹாம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து வருடம் முடித்து வரும்போது கையில் கிடைப்பது 1,05,000 திர்ஹாம். இங்கே மாதாமாதம் பி.எஃப்.புக்குப் போய்க்கொண்டிருந்த தொகையோடு அதை ஒப்பிடுங்கள். சில நிறுவனங்கள் தனி சேமநிதி வைத்திருக்கின்றன. இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்து, கல்விப்படி. எத்தனை பிள்ளைகளுக்கு, எந்த வயதிலிருந்து, ஆளுக்கு எவ்வளவு வரை என்று பாருங்கள். துபாயில் கே.எச்.டி.ஏ. என்ற அரசு அமைப்பு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் அனுமதித்த கட்டணத்தை வெளியிடுகிறது. உங்கள் பிள்ளையின் வகுப்புக்கு உரிய தொகையை அதில் பார்த்து, அதிலிருந்து கல்விப்படியைக் கழித்தால் மீதி உங்கள் கையிலிருந்து போக வேண்டியது. பள்ளிப் பேருந்தும் சீருடையும் பெரும்பாலும் இதற்கு வெளியே.

திர்ஹாம் 1997இலிருந்து ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. ரூபாய் இறங்கும்போதெல்லாம் உங்கள் வருமானம் ரூபாயில் ஏறும். லைசென்ஸ் படிப்புக்கும் டைப் ரேட்டிங்குக்கும் நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கிய குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். முதல் இரண்டு வருடச் சேமிப்பை வேறெங்கும் போடாமல் அந்தக் கடனை அடைக்கப் போடுங்கள். அடமானம் வைத்த பத்திரம் அப்பாவின் கையில் திரும்பி வருவதைவிடப் பெரிய முதலீடு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வரிக்கு வருவோம். இந்தியாவில் புதிய முறைப்படி 24 லட்சத்துக்கு மேல் வரும் வருமானத்துக்கு 30 சதவீதம். அமீரகத்தில் சம்பளத்துக்கு வரி இல்லை. ஆனால் நீங்கள் எந்தத் தேதியில் கிளம்புகிறீர்கள் என்பது முக்கியம். வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியர், அந்த நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால்தான் வெளிநாட்டுவாழ் இந்தியராகக் கருதப்படுவார். ஏப்ரல் 1இலிருந்து எண்ணினால், செப்டம்பர் கடைசி வாரத்துக்குள் புறப்பட்டிருக்க வேண்டும். அக்டோபரில் கிளம்பினால் அந்த வருட வெளிநாட்டுச் சம்பளமும் இங்கே வரிக்கு உட்படும். இன்னொன்று: இந்தியாவில் வாடகை, பங்கு, வட்டி என்று வரும் வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் விதிகள் வேறு. வளைகுடா விமானத்தில் சென்னைக்கு வந்து லேஓவரில் தங்கும் நாட்களும் இந்தியாவில் இருந்த நாட்களே. லாக்புக்கை வைத்து அந்த நாட்களை எண்ணிக்கொண்டு வாருங்கள். விமானிகளின் கணக்கு பார்த்துப் பழகிய ஆடிட்டர் ஒருவரைக் கிளம்பும் முன்பே பிடித்துவிடுங்கள். சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக மாற்றுவதும், வெளிநாட்டுச் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு திறப்பதும் வங்கியில் ஒரு நாள் வேலை.

நிலமும் வீடும்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வாடிப்பட்டி, மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கத்துக் குடும்பம் என்றால் வீட்டுச் சொத்தில் பெரும்பங்கு வயல், தோப்பு. வெளிநாட்டுவாழ் இந்தியர் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. தகப்பனார் உயிரோடு இருக்கும்போது தானமாக, செட்டில்மென்ட்டாக எழுதிக் கொடுப்பதையும் வாங்க முடியாது. வாரிசு உரிமையில் வருவதைப் பெறலாம். ஏற்கெனவே தன் பெயரில் இருப்பதை வைத்துக்கொள்ளலாம். ஆகவே அண்ணன் பங்கை வாங்குவதோ, அப்பா வயலை மகன் பெயருக்கு எழுதுவதோ பேச்சில் இருந்தால், விமானம் ஏறுவதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்து, பட்டாவையும் மாற்றிவிடுங்கள். "அடுத்த லீவில் பார்த்துக்கலாம்" என்று விட்டவர்கள் அதன்பின் அந்த நிலத்தை விலை கொடுத்து வாங்கவே முடியாமல் நிற்கிறார்கள்.

நிலத்தையும் வீட்டையும் பார்த்துக்கொள்ளத் தம்பிக்கோ மாமனாருக்கோ பவர் எழுதிக் கொடுப்பது வழக்கம். கிளம்பும் முன் மதுரையிலேயே பதிவு செய்வது எளிது. அங்கே போய்த் தூதரகத்தில் எழுதி அனுப்பினால் இங்கே முத்திரைக் கட்டண வேலை தனியாக இருக்கிறது. வரி கட்ட, மின் இணைப்பு மாற்ற, குத்தகை வசூலிக்க என்று குறிப்பிட்டுக் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காதீர்கள். உறவு கெடாமல் இருக்க இதுவே நல்லது.

திருநகர் வீட்டை என்ன செய்வது? மதுரையில் வீட்டை ஒத்திக்கு விடும் பழக்கம் இருப்பதால், ஊரை விட்டுப் போகிறவர்கள் மொத்தமாகப் பணம் கிடைக்கிறதே என்று ஒத்திக்கு விட்டுவிடுகிறார்கள். திடீரென்று திரும்ப நேர்ந்தால் அந்தப் பணத்தை மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தால்தான் சொந்த வீட்டுக்குள் நுழைய முடியும். பதினோரு மாத வாடகை ஒப்பந்தமே போதும்.

கம்பெனி நின்றுபோனால்

இதைச் சொல்ல மதுரைக்காரர்களுக்கு வெளியிலிருந்து உதாரணம் தேவையில்லை. மதுரையின் ஜவுளித் தொழில் குடும்பத்திலிருந்து வந்த எம். தியாகராஜன் 2005இல் பாரமவுண்ட் ஏர்வேஸைத் தொடங்கினார். எம்ப்ரேயர் ஜெட்டுகள் தென்னக ஊர்களை இணைத்தன. 2010இல் அது நின்றுபோனது. 2012இல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மேயில் கோ ஃபர்ஸ்ட். சம்பள பாக்கியோடு வீட்டுக்கு வந்த விமானிகள் ஆயிரக்கணக்கில். அரசுப் பணம் பின்னால் இருப்பதால் வளைகுடா நிறுவனங்கள் அப்படி நிற்காது என்ற நம்பிக்கை இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் நிற்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் 2020இல் கொரோனா வந்தபோது எமிரேட்ஸ், எதிஹாட், கத்தார் ஏர்வேஸ் மூன்றுமே விமானிகளைக் குறைத்தன. ஹாங்காங்கின் கேத்தே பசிபிக் அந்த அக்டோபரில் 5,900 வேலைகளை நீக்கி, கேத்தே டிராகனை மூடியது.

சொந்த நாட்டில் வேலை போனால் வருமானம் நிற்கும். அங்கே வேலையோடு விசாவும் கட்டப்பட்டிருக்கிறது. குறிப்பிட்ட அவகாசத்துக்குள் வேறு வேலை கிடைக்கவில்லை என்றால் குடும்பமே கிளம்ப வேண்டும். பள்ளி நடுவருடத்தில் நிற்கும். ஒரு வருடச் செலவு, ரூபாயில், இந்தியாவில், உடனே எடுக்கக்கூடிய விதத்தில் இருக்கட்டும். அமீரகத்தில் கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டால் வங்கி அந்தக் கணக்கை முடக்கிவிடும். நீதிமன்ற உத்தரவு வரும்வரை பணம் எடுக்க முடியாது. மனைவி பெயரில் தனிக் கணக்கும், இரண்டு மூன்று மாதச் செலவும் அதில் எப்போதும் இருக்க வேண்டும். அங்கேயே உயில் பதிவு செய்யும் வசதியும் உண்டு.

விமானிக்கே உரிய இன்னொரு ஆபத்து மெடிக்கல். ஒரு ஈ.சி.ஜி.யில் சந்தேகம் வந்தால் அன்றோடு பறப்பது நிற்கலாம். உரிமம் இழந்தால் ஈட்டுத்தொகை தரும் காப்பீடு புது நிறுவனத்தில் உண்டா, எத்தனை மாதச் சம்பளம், சேர்ந்த முதல் நாளிலிருந்தா என்று கேளுங்கள்.

திரும்பும் வழியைத் திறந்து வைப்பதென்றால், இந்திய லைசென்ஸை உயிரோடு வைத்திருப்பது. 2023 அக்டோபரில் விதி மாறி, சி.பி.எல்., ஏ.டி.பி.எல். உரிமங்கள் ஐந்து வருடத்துக்குப் பதிலாகப் பத்து வருடம் செல்லும். அதை நம்பி அசந்துவிடக் கூடாது. மெடிக்கல் தனியாகக் காலாவதியாகும், ரேட்டிங் தனியாகக் காலாவதியாகும். விடுப்பில் வரும்போது சென்னையிலோ பெங்களூரிலோ இந்திய மெடிக்கலை முடிக்க ஒரு நாள் ஒதுக்குங்கள். ஊருக்கு வரும் சொற்ப நாட்களில் ஒன்று அதற்குப் போகும் என்பதை வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

மனைவியின் வேலை, பிள்ளைகளின் படிப்பு

இந்திய விமானிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பெண்கள். ஆகவே ஆஃபர் வந்தவர் மனைவியாகவும், விளக்குத்தூண் பக்கம் கடை நடத்துகிறவர் கணவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: கூடப் போகிறவர் எதை விட்டுவிட்டுப் போகிறார்? அரசுப் பள்ளி ஆசிரியை என்றால் நீண்ட விடுப்பு கிடைக்குமா, சீனியாரிட்டி என்ன ஆகும்? டாக்டர் என்றால் துபாய் சுகாதார ஆணையத்தின் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். படிக்க நேரமும் சான்றிதழ் சரிபார்ப்புக்கு மாதங்களும் ஆகும். இரண்டு சம்பளம் ஒன்றாகிறது என்றால், அந்த ஒன்று உண்மையிலேயே இரண்டைவிடப் பெரியதா என்று எழுதிப் பாருங்கள். வேலையை விடுகிறவரின் விருப்பம் கேட்கப்படாமல் எடுக்கும் முடிவு எந்தச் சம்பளத்திலும் தாங்காது.

சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வுப் பதிவு ஒன்பதிலும் பதினொன்றிலும் நடக்கிறது. ஒன்பதுக்கு முன் அல்லது பதினொன்று தொடங்கும்போது மாற்றுங்கள். பத்திலோ பன்னிரண்டிலோ படிக்கும் பிள்ளையை அசைக்காதீர்கள். அந்த ஒரு வருடம் தாயும் பிள்ளையும் மதுரையில் இருக்கட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காத பிள்ளை மருத்துவக் கலந்தாய்வில் மாநில ஒதுக்கீட்டைக் கேட்க வேண்டுமென்றால் பூர்வீகத்தைக் காட்டும் சான்றுகள் தேவை. பெற்றோரின் பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் ஒரே கோப்பில் பத்திரமாக இருக்கட்டும். தமிழ் படிக்க வேண்டும் என்பது முக்கியமானால் சிங்கப்பூரில் கவலை இல்லை. தமிழ் அங்கே ஆட்சிமொழி, பள்ளியில் தாய்மொழிப் பாடம். வளைகுடாவில் பள்ளிக்குப் பள்ளி மாறும், சேர்க்கும் முன் கேளுங்கள்.

ஆவணங்களில் மதுரைக் குடும்பங்கள் தடுமாறும் இடம் பெயர். பெரியவர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்ப் பகுதி காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பேரனைப் பார்க்க வரும் அப்பத்தா விமான நிலையத்தில் நிற்க வேண்டாம். மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் முன்கூட்டியே சரிசெய்யுங்கள். திருமணப் பதிவு இல்லாமல் மனைவிக்கு விசா கிடைக்காது. மண்டபத்தில் நடந்து, ஆல்பத்தோடு நின்றுபோன கல்யாணங்கள் இன்னும் உண்டு. சான்றிதழ்களுக்கு மாநில அரசு, வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம் என்று முத்திரைகள் வாங்க வேண்டும். சிங்கப்பூர் என்றால் அப்போஸ்டில் போதும்.

பெற்றோர்

நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு மனைவி பிள்ளைகளோடு நின்றுவிடும். அப்பா அம்மாவுக்கு இங்கே தனிப் பாலிசி வேண்டும். அதைவிடப் பெரிய கேள்வி, ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவை மீனாட்சி மிஷனுக்கோ வேலம்மாள் மருத்துவமனைக்கோ தூக்கிக்கொண்டு ஓடப்போவது யார் என்பது. பெரும்பாலும் உள்ளூரில் கட்டிக்கொடுத்த தங்கையும் மச்சானும்தான். அவர்களிடம் நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள். செலவை நீங்கள் ஏற்பதாகச் சொல்வதோடு நிறுத்தாமல், வேலைக்கு ஓர் ஆள் வைக்கவும், அவர்களுக்கு வருடத்தில் சில நாள் ஓய்வு கிடைக்க நீங்கள் விடுப்பில் வந்து பொறுப்பெடுக்கவும் ஒப்புக்கொள்ளுங்கள். மச்சான் தயங்கினால் அந்தத் தயக்கத்தைப் பொருட்படுத்துங்கள். ஆஃபரைத் தள்ளிப்போட அது போதுமான காரணம்.

கடைசியாக, ராஜினாமா

மேலே சொன்னதெல்லாம் முடிந்து, புது நிறுவனத்தின் மெடிக்கல், லைசென்ஸ் சரிபார்ப்பு, பின்னணி விசாரணை மூன்றும் தாண்டி, நிபந்தனையில்லாத ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகுதான் ராஜினாமா. 2017இல் விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. கொண்டுவந்த விதிப்படி கேப்டனுக்கு நோட்டீஸ் காலம் 12 மாதம், ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு 6 மாதம். நிறுவனம் சம்மதித்து ஆட்சேபணை இல்லை என்று என்.ஓ.சி. தந்தால் குறையலாம். சொல்லாமல் கிளம்பினால் என்ன ஆகும் என்பதை 2023இல் பார்த்தோம்: நோட்டீஸ் முடிக்காமல் போன விமானிகள் மீது ஆகாசா உயர் நீதிமன்றம் வரை சென்றது. வெளிநாட்டு நிறுவனங்கள் நம் விமானிகளை இழுப்பதைப் பற்றி 2025இல் இந்திய அரசு சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவிடமே முறையிட்டிருக்கிறது. விதிகள் இறுகுமே தவிரத் தளர வாய்ப்பில்லை. டைப் ரேட்டிங்குக்குப் போட்ட பாண்டு இன்னும் ஓடுகிறதா என்றும் பாருங்கள். மீதித் தொகையைப் புது நிறுவனம் ஏற்குமா என்று கேட்பதில் தவறில்லை.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். வரிக்காக செப்டம்பருக்குள் கிளம்ப வேண்டும், பள்ளி ஏப்ரலில் திறக்கிறது. கேப்டன் ஜூனில் சேர்வதாக வைத்துக்கொண்டால், அதற்கு முந்தைய வருடம் மே மாதத்திலேயே நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். சேர்ந்த பிறகு பயிற்சியை முடித்து, வீடு பிடித்து, அடுத்த ஏப்ரலில் பிள்ளைகளை அழைத்துக்கொள்ளலாம். ஃபர்ஸ்ட் ஆபீசர் என்றால் சேரும் வருடத்துக்கு முந்தைய டிசம்பரில் கொடுத்தால் போதும். அத்தனை மாதம் காத்திருக்க முடியாது என்று வெளிநாட்டு நிறுவனம் சொன்னால், சேரும் தேதியைத் தள்ளித்தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், இங்கே என்.ஓ.சி. கிடைக்கும்வரை அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.